குகைக்குள் சேமித்த குளிர்காலம்

பிரான்ஸ் தேசத்தின் கிழக்குப் பகுதியில், பெசான்ஸோன் நகரத்துக்கு அப்பால், கிராஸ்-தியூ என்ற பழைய மடாலயத்துக்கு அருகே, கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 500 மீட்டர் உயரமே உள்ள ஒரு காட்டுச் சரிவில், ஷோ-லே-பாஸவான் என்னும் குகை இருக்கிறது. 1727ஆம் ஆண்டில், ஸோன் நதிப் பிரதேசத்தில் பாளையமிறங்கியிருந்த சேனைக்கு அதிபதியான லெவி பிரபு, தம் படையின் உபயோகத்துக்கென்று, அந்தக் குகையிலிருந்த பனிக்கட்டி முழுவதையும் வெட்டி எடுத்து வரும்படி கட்டளையிட்டார், குகை வெறுமையாயிற்று. பதினாறு ஆண்டுகள் கழிந்து, 1743இல், கொஸின்யீ என்பவர் அங்கே இறங்கிப் பார்த்தபோது பனி மறுபடியும் படிந்திருக்கக் கண்டார். கோடரி எடுத்துச் சென்றதை இடைப்பட்ட குளிர்காலங்கள் வந்து நிரப்பிவிட்டுப் போயிருந்தன.

பிரான்ஸுக்கும் ஸ்விட்ஜர்லாந்துக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஜூரா மலைத்தொடரின் சரித்திரத்தில் இது ஒரு சிறு சம்பவம்தான் என்றாலும், மலைக்குகைப் பனியின் சுபாவம் முழுவதும் இதற்குள்ளே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அந்நாட்டார் இத்தகைய குகையை ‘கிளாஸியேர்’ என்பார்கள். மலையுச்சியிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பனியாற்றுக்கு அவர்கள் மொழியில் பெயர் ‘கிளாஸியே’. ஒலியில் சிறிதே வேறுபட்ட ‘கிளாஸியேர்’ என்பதோ, பனியைப் போட்டு வைக்கும் அறையைக் குறிப்பது, நெல்லுக்குக் குதிர் என்று நாம் சொல்வதைப் போல. மலைக்குள் இயற்கை வைத்த குதிர் என்று கண்டு பெயரிட்ட அந்தக் குடியானவர்களின் கூர்மையை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் அக்குதிர் எப்போது நிரம்புகிறது என்பதில் நெடுங்காலம் ஒரு மயக்கம் இருந்துவந்தது. கோடையில் பனி உண்டாகிறது, குளிர்காலத்தில் உருகிவிடுகிறது என்று ஊரார் சாதித்தார்கள்; கற்றவர்களிலும் பலர் அதை நம்பி, பூமிக்குள்ளிருக்கும் உப்புகளின் வினை என்றெல்லாம் காரணம் கற்பித்தார்கள். ஊரார் கண்டது பொய்யன்று. மேலே பனி உருகும் வசந்தத்தில் பாறையின் வெடிப்புகள் வழியே கசிந்து இறங்கும் நீர், உள்ளே தேங்கிய குளிரில் பட்டுப் புதுப் பனியாக இறுகுகிறது. இலையுதிர் காலத்திலோ அந்தக் குளிர் செலவாகிப் போய்க் குகை சொட்டத் தொடங்குகிறது. கண்ட காட்சி மெய், அதற்குச் சொன்ன காரணம் மட்டுமே பிழை.

உண்மையான காரணம் மிக எளியது. குளிர்ந்த காற்று கனமானது. ஆகையால் குளிர்காலத்தில், கிணறு போல மேல்நோக்கித் திறந்த குகைக்குள் அது தானாகவே வழிந்து இறங்கி, உள்ளிருந்த வெதுவெதுப்பான காற்றை வெளியே தள்ளி, பாறைச் சுவர்களையும் அடியிலிருக்கும் பனியையும் உறைநிலைக்குக் கீழே கொண்டுபோய் விடுகிறது. கோடைக் காற்று இலேசானபடியால், கீழே குடத்துத் தண்ணீர் போல நிற்கும் அந்தக் குளிரை அசைக்க அதனால் முடிவதில்லை. இதனோடு பனிக்கட்டிக்கே உரிய ஒரு பிடிவாதமும் சேர்ந்துகொள்கிறது: ஒரு கிலோ பனியை வெறுமனே உருக்குவதற்குச் செலவாகும் உஷ்ணம், உருகி வந்த அதே நீரை 80 டிகிரி வரை சுட வைக்கப் போதுமானது. ஜெனீவாவைச் சேர்ந்த தூரி என்ற அறிஞர் 1861இல் இக்குகைகளைக் குறித்து எழுதியபோது, காற்று அசையாமல் நிற்கும் குகை, காற்று ஓடிக்கொண்டிருக்கும் குகை என்று இரண்டாகப் பகுத்த முறை இன்றைக்கும் வழக்கில் இருக்கிறது. மோன்லெஸி முதலிய ஜூராக் குகைகள் முதல் வகை. அவற்றைச் சூழ்ந்த காட்டின் ஆண்டுச் சராசரி உஷ்ணம் உறைநிலைக்கு நாலைந்து டிகிரி மேலேயே இருந்தும் அவற்றில் பனி நிலைத்திருப்பதற்கு இந்தத் தேக்கமே ஆதாரம்.

இந்த ஆதாரத்தின் மேல் ஒரு வியாபாரமே நடந்தது. 1864இல் இங்கிலாந்திலிருந்து வந்து, குகை குகையாக இறங்கி அளந்து, மறு ஆண்டே அதைப் புஸ்தகமாக வெளியிட்ட ஜார்ஜ் ஃபாரஸ்ட் பிரௌன் என்ற பாதிரியார் காலத்தில், சேன் ஜார்ஜ் குகையின் பனிக்கட்டி ஜெனீவா வரை போய்க்கொண்டிருந்தது. வேலையோ கடினமானது. ஏணியில் இறங்கி, இருட்டில் வழுக்கும் தளத்தின்மேல் நின்று, தேங்கிய குளிரில் விரல்கள் மரத்துப்போகக் கட்டி கட்டியாக வெட்டி, அதே ஏணி வழியாக வெளியேற்றி, உருகுவதற்கு முன்னே வண்டியை மலையிலிருந்து இறக்கிவிட வேண்டும். பனி உண்டாக்கும் யந்திரங்கள் ஐரோப்பிய நகரங்களில் பரவியதும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு இந்தத் தொழில் ஓய்ந்துபோயிற்று. கோடரி நின்றுவிட்டதால் இனிப் பனி பெருகும் என்று எண்ணுவது இயல்பு, நேர்ந்ததோ மாறானது.

மார்க் லூட்ஷர் முதலிய ஸ்விஸ் ஆராய்ச்சியாளர்கள் ஜூராக் குகைகளை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரையில், குகைப் பனி குளிர்காலச் சீதோஷ்ணத்துக்கே சாட்சி என்று காட்டினார்கள். இந்த உண்மையைப் பலரும் தலைகீழாகவே எண்ணுகிறோம். கொடிய கோடை வந்து குகைப் பனியைத் தின்றுவிடுகிறது என்பது பொதுவான அபிப்பிராயம். கோடைக்கு அந்தக் குடத்துக்குள் எளிதில் நுழைய வழியில்லை என்று மேலே கண்டோம். பூமி வெப்பமடைவதால் குளிர்காலம் தளர்ந்து, கனத்த குளிர்காற்று இறங்கும் நாட்கள் குறையும்போது, பாறை போதிய அளவு குளிர்வதில்லை. அடுத்த கோடைக்கென்று வைத்த மூலதனம் குறைந்துவிடுகிறது. செலவு கூடியதைக் காட்டிலும் வரவு நின்றதே கேடாயிற்று. 1727இல் லெவி பிரபுவின் ஆட்கள் விட்டுச் சென்ற வெறும் குகைக்கு இருந்த உதவி, இன்றைய குகைக்கு இல்லை.

அதற்காக முற்காலத்தில் பனி குறைந்ததே இல்லை என்றும் சொல்லக்கூடாது. அதே ஜூராவில் சேன் லீவ்ர் குகையில், மேலிருந்து விழுந்த மரத்தடிகள் பனியின் அடுக்குகளுக்கிடையே புதைந்து கிடக்கின்றன. அவற்றின் ஆண்டு வளையங்களைக் கொண்டும் கரியின் கதிரியக்கத்தைக் கொண்டும் கணக்கிட்டதில், அந்தப் பனி சுமார் 1,200 ஆண்டுகளின் சரித்திரம் உடையது என்றும், நடுவே பனி வளராமல் தேய்ந்த காலங்களும் உண்டு என்றும் தெரிந்தது.

இதைவிடப் பெரிய ஏட்டுச்சுவடி ருமேனியாவில் இருக்கிறது. அபுசெனி மலையில், 1,165 மீட்டர் உயரத்தில், 48 மீட்டர் ஆழமுள்ள கிணற்றின் அடியில் திறக்கும் ஸ்கரிஷ்வாரா குகையில் ஏறக்குறைய ஒரு லட்சம் கன மீட்டர் பனி உறைந்து நிற்கிறது. தென் துருவக் கடலில் ‘பெல்ஜிகா’ கப்பல் பனியில் சிக்கி 1898ஆம் ஆண்டுக் குளிர்காலத்தைக் கழித்தபோது அதில் இருந்த எமில் ரகோவித்ஸா, 1920இல் குளூஜ் நகரத்தில் உலகத்தின் முதல் குகை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, இந்தக் குகையையும் ஆராய்ந்தார். இங்கே பனி வளரும் விதம் பார்க்கத் தகுந்தது. கோடையில் பனியின் மேல் ஆழமில்லாத ஒரு குளம் தேங்குகிறது. நீரில் கரைந்து வந்த சுண்ணமும் புழுதியும் மெல்ல அதன் அடியில் படிகின்றன. குளிர் இறங்கியதும் குளம் மேலிருந்து கீழாக உறைந்து, கண்ணாடி போன்ற பனிக்குக் கீழே மெல்லிய கறுத்த கோடு ஒன்று அகப்பட்டுக்கொள்கிறது. ஒரு கோடு, ஒரு கண்ணாடி, மறுபடி ஒரு கோடு என்று அடுக்கிக்கொண்டே போய், துளையிட்டு எடுத்த பனித்தண்டின் அடிப்பகுதி சுமார் 10,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று 2017இல் அறிவித்தார்கள்.

2019ஆம் ஆண்டுக் கோடையில் தென்கிழக்கு ஐரோப்பாவில் வழக்கத்தை மீறிக் கொட்டிய மழை அப்பகுதியின் பனிக்குகைகளுக்குள்ளும் பாய்ந்தது. காற்றால் நுழைய முடியாத இடத்தில் வெதுவெதுப்பான நீர் நுழைந்து பனியை அரித்தது. அடியிலிருப்பவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய குளிர்காலங்கள். மேலிருப்பவை நம் பாட்டனார்களும் தகப்பன்மார்களும் கண்ட குளிர்காலங்கள். மேலிருந்து கரையும் பனி இந்தப் புதிய ஏடுகளைத்தான் முதலில் இழக்கிறது.