மண்டைக்குள் ஓர் ஊற்று

திண்டிவனத்தில் பஸ் ஏறுகிறீர்கள். அதிர்ஷ்டம், ஜன்னலோர ஸீட்! விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் எல்லாம் தாண்டி விழுப்புரத்தில் இறங்க எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். வழியில் நீங்கள் தூங்கியிருக்கலாம், பக்கத்து ஸீட்காரரோடு அரசியல் பேசியிருக்கலாம். எதுவாக இருந்தாலும், அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் மண்டைக்குள் சுமார் 20 மில்லி தண்ணீர் புதிதாக ஊறியிருக்கும். நாலு டீஸ்பூன்!

ஒரு நாள் கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட அரை லிட்டர். ஆனால், மூளைக்குள்ளும் மூளையைச் சுற்றியும் முதுகுத்தண்டு நெடுகவும் எந்த நேரத்திலும் இருப்பது 150 மில்லிதான். மீதி? ரத்தத்தோடு கலந்துவிடுகிறது. அதாவது, தினமும் மூன்று நான்கு தடவை பழைய தண்ணீர் போய் புதுத் தண்ணீர் வருகிறது. இந்தத் தண்ணீரில் மிதப்பதால்தான் 1,400 கிராம் மூளை, வெறும் 50 கிராம் கனத்தோடு மண்டைக்குள் 'ஜம்'மென்று உட்கார்ந்திருக்கிறது.

ஊற்று எது? மூளைக்கு நடுவே 'வெண்ட்ரிக்கிள்' என்று நான்கு அறைகள். அவற்றுக்குள் இளஞ்சிவப்பில் குஞ்சம் மாதிரி தொங்குகிற ஒரு திசு. பெயர், கோராய்டு ப்ளெக்ஸஸ். எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டால் இரண்டு மூன்று கிராம் தேறும். ரத்தத்தை சும்மா வடிகட்டி விடுகிற சமாச்சாரம் இல்லை இது. எந்த உப்பு எவ்வளவு உள்ளே போகலாம் என்று பார்த்துப் பார்த்து அனுப்புகிற கறாரான வாட்ச்மேன்!

வினை என்னவென்றால், இதற்கு நிறுத்தத் தெரியாது. தண்ணீர் வெளியேறும் பாதை எங்காவது அடைபட்டாலும் பாட்டுக்கு ஊறிக்கொண்டே இருக்கும். கைக்குழந்தைகளுக்கு மண்டை ஓட்டு எலும்புகள் இன்னும் ஒட்டியிருக்காது. ஆகவே, தலை மெல்ல மெல்லப் பெருக்கும். டாக்டர்கள் 'ஹைட்ரோகெஃபாலஸ்' என்பார்கள். (நம் பாட்டிமார் சொல்லும் "தலையில நீர் கோத்துக்கிச்சு" வேறு. அது ஜலதோஷம், நொச்சி இலை ஆவி பிடித்தால் போய்விடும். இது போகாது.)

இந்தக் குஞ்சத்தை மனிதன் பார்த்து 2,300 வருடங்கள் ஆகின்றன. எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவில் வாழ்ந்த ஹெரோஃபிலஸ் என்ற கிரேக்க மருத்துவர், இது கருவைச் சுற்றியிருக்கும் சவ்வு மாதிரி இருக்கிறதே என்று அதன் பெயரையே வைத்தார். பிறகு வந்த காலன், மூளையின் அறைகளுக்குள் இருப்பது ஒருவித 'உயிர் ஆவி' என்று எழுதிவைத்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்! ஆயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

கண்ணெதிரே இருந்த தண்ணீரை ஏன் ஒருத்தரும் பார்க்கவில்லை? காரணம் கொஞ்சம் கொடூரமானது. பிணத்தை அறுத்துப் பார்க்கும் நிபுணர்கள், மூளையை ஆராய முதலில் தலையைத் தனியே வெட்டி எடுத்துவிடுவார்கள். அந்த வெட்டிலேயே தண்ணீர் முழுக்க ஒழுகிப் போய்விடும். அப்புறம் உள்ளே காலி அறைதானே தெரியும்? 1764-ல் நேப்பிள்ஸ் நகரத்தின் டொமெனிகோ கொட்டூன்யோதான் இந்தத் தப்பைக் கண்டுபிடித்தார். தலையை வெட்டாமல் இருபது உடல்கள் வரை சோதித்து, "உள்ளே இருப்பது தண்ணீர் ஐயா!" என்று எழுதினார். பாவம், அதையும் அன்றைக்குப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1820-களில் பிரான்ஸின் மஜோந்தி அதே தண்ணீருக்கு முறையாகப் பெயர் சூட்டிய பிறகுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது.

அதை உங்களுக்கு அறிமுகப்படுத்தியவர் ஆகஸ்ட் பியர் என்ற ஜெர்மானிய சர்ஜன். சிசேரியனுக்கு முன் முதுகில் ஓர் ஊசி போடுகிறார்களே, மருந்து போய்ச் சேருவது இந்தத் தண்ணீரில்தான். 1898-ல் பியர் தன் முதுகிலேயே குத்திப் பார்க்கச் சொன்னார். ஊசியும் சிரிஞ்சும் சரியாகப் பொருந்தாததில் தண்ணீர் நிறைய ஒழுகியதுதான் மிச்சம். உடனே உதவியாளர் ஹில்டெபிராண்ட் முதுகைக் காட்ட, அவருக்கு மருந்து பலித்தது. மரத்துப்போன காலைச் சுத்தியலால் அடித்துப் பார்த்தார்கள். வலிக்கவே இல்லை! ராத்திரி இரண்டு பேரும் ஒயினும் சுருட்டுமாகக் கொண்டாடிவிட்டு, மறுநாள் தலைவலியில் சுருண்டார்கள். பியர் ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை. மிதந்துகொண்டிருந்த மூளைக்குத் தண்ணீர் குறைந்த தலைவலி அது. பழையபடி ஊறியதும் தானாகப் போய்விட்டது.

சரி, தலை பெருத்த குழந்தைகளுக்கு வருவோம். ஊற்றையே அழித்துவிட்டால் என்ன என்று முதலில் கை வைத்தவர் மூளை டாக்டரே இல்லை. சிகாகோவின் லெஸ்பினாஸ், சிறுநீர்ப் பாதை நிபுணர்! 1910-ல், சிறுநீர்ப் பையைப் பார்க்கும் குழாயை இரண்டு கைக்குழந்தைகளின் மூளைக்குள் விட்டு அந்தத் திசுவைச் சுட்டார். ஒன்று இறந்தது. இன்னொன்று ஐந்து வருடம் இருந்தது. 1918-ல் பால்டிமோரின் வால்ட்டர் டாண்டி, நான்கு குழந்தைகளுக்கு அதை வெட்டியே எடுத்தார். மூன்று குழந்தைகள் சில வாரங்களில் போய்விட்டன. போதாக்குறைக்கு, 1969-ல் மில்ஹோரட் என்பவர் குரங்குகளில் சோதித்தபோது, குஞ்சத்தை எடுத்த பிறகும் தண்ணீர் ஊறுவது முழுசாக நிற்கவில்லை. மூளையின் மற்ற பாகங்களும் கொஞ்சம் சுரக்கின்றன போலிருக்கிறது!

அதற்கு முன்பே வேறு வழி பிறந்துவிட்டது. ஊறுவது ஊறட்டும், குழாய் போட்டு வெளியே விடு! ஃபிலடெல்பியாவில் ஜான் ஹோல்ட்டர் என்ற தொழிலாளிக்கு 1955-ல் பிறந்த மகனுக்கு இந்த நோய். டாக்டர் ஸ்பிட்ஸ், மண்டையிலிருந்து தண்ணீரை ரத்தத்துக்குள் இறக்கும் 'ஷன்ட்' குழாயைக் காட்டி, "ரத்தம் திரும்பி ஏறாத வால்வுதான் சரியாக அமையவில்லை" என்றார். பூட்டுக் கம்பெனி மெக்கானிக்கான அந்த அப்பா வீட்டில் உட்கார்ந்து சிலிக்கோன் வால்வு ஒன்றைச் செய்தேவிட்டார். 1956-ல் அது முதலில் பொருத்தப்பட்டது இன்னொருவர் குழந்தைக்கு!

இதெல்லாம் அமெரிக்காவில். அன்றைய தென்னாற்காடு ஜில்லாவில் இப்படியொரு குழந்தை பிறந்தால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? 1949-ல்தான் இந்தியாவின் முதல் மூளை அறுவை சிகிச்சைத் துறையை வேலூர் சி.எம்.சி-யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி ஆரம்பித்தார். மறு வருடம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.ராமமூர்த்தி. ஸோ, அதற்கு அப்புறம் வழி இரண்டு. விழுப்புரத்துக்காரர் என்றால், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி போகும் மீட்டர்கேஜ் ரயிலைப் பிடித்து வேலூர். திண்டிவனத்துக்காரர் என்றால், எழும்பூர் ரயில். 1949-க்கு முன்னால் இந்த இரண்டும்கூட இல்லை. அந்த வருடங்களில் எத்தனை குழந்தைகள்... வேண்டாம், விடுங்கள்.

நம் ஊரில் பெரிய வில்லன் இன்னொன்று. காசநோய்! கிருமி நுரையீரலோடு நிற்காமல் மூளைச் சவ்வுக்கு ஏறினால், தண்ணீர் வடியும் பாதையைக் கோந்து போட்ட மாதிரி அடைத்துவிடும். வேலூர் டாக்டர்கள், இப்படி வந்து ஷன்ட் வைத்துக்கொண்ட 114 பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 1991-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வரும்போது நினைவு எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதை வைத்து நான்கு படி. முதல் படியில் வந்தவர்களில் ஐந்துக்கு ஒருவர் இறந்தார். மூன்றாம் படியில் இரண்டுக்கு ஒருவர். முழு மயக்கத்தில், நான்காம் படியில் வந்தவர்கள்? ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 'வேலூர் கிரேடிங்' என்ற பெயரில் உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் இதுதான். என்னைக் கேட்டால், ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே உள்ள தூரத்தையும் சேர்த்து அளக்கிற அளவுகோல் என்பேன். (இன்றைக்கு விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரி ஜிப்மர் ஒரு மணி நேரம்தான். 2010-லிருந்து முண்டியம்பாக்கத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.)

ஷன்ட்டின் விலையிலும் இந்தியர்கள் கை வைத்தார்கள். உத்தரப்பிரதேசத்தின் டாக்டர் சாப்ரா வடிவமைத்த ஷன்ட் அப்போது 35 டாலர். அமெரிக்கக் கம்பெனி ஷன்ட் 650 டாலர்! இரண்டையும் உகாண்டாவில் 195 குழந்தைகளுக்குப் பொருத்தி ஒரு வருடம் கழித்துப் பார்த்தார் பெஞ்சமின் வார்ஃப் என்ற அமெரிக்க டாக்டர். பலனில் வித்தியாசமே இல்லை என்று 2005-ல் எழுதினார்.

ஆனால், 35 டாலர் குழாயும் அடைத்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு வைக்கும் ஷன்ட்டில் ஏறக்குறைய பாதி, இரண்டு வருடத்துக்குள் மக்கர் செய்கிறது. பெரிய நகரமென்றால் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடலாம். உகாண்டா கிராமத்தில்? அம்மா பஸ் பிடித்து வருவதற்குள் குழந்தை இறந்துவிடும். அதனால் வார்ஃப் பழைய ஏட்டைப் புரட்டினார். என்டோஸ்கோப்பால் மூளை அறையின் அடித்தளத்தில் தண்ணீருக்கு ஒரு துளை. கூடவே, லெஸ்பினாஸ் செய்த மாதிரி கோராய்டு ப்ளெக்ஸஸைச் சுட்டுவிடுவது. உடம்புக்குள் குழாயே கிடையாது! ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் துளை மட்டும் போட்டபோது பலித்தது 47 சதவிகிதம். சுட்டதும் சேர்ந்தபோது 66.

உடனே ஒரு கேள்வி வரும். அந்தத் திசுவைச் சுட்டால் வளர்கிற மூளை பாதிக்காதா? உகாண்டாவில் 100 குழந்தைகளைப் பிரித்து, பாதிப் பேருக்கு ஷன்ட், பாதிப் பேருக்குச் சூடு. ஒரு வருடம் கழித்து அறிவு வளர்ச்சியைச் சோதித்தார்கள், ஸ்கேனில் மூளையின் அளவையும் பார்த்தார்கள். 2017-ல் முடிவு வெளியானது. இரண்டு தரப்புக்கும் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.