கொடுப்பவர் வேறு, பொறுப்பேற்பவர் வேறு: கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து மென்பொருள் பகிர்வு குறித்து

2011 ஜூன் மாதம் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் பத்து இணையத்தளங்களை முடக்கும்படி இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. தி பைரேட் பே, மெகாஅப்லோடு இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. சில நாட்களில் அனானிமஸ் என்ற ஹேக்கர் குழு அரசாங்கத் தளங்களைத் தாக்கியதும் செய்தி உலகமெங்கும் போயிற்று. அந்தப் பரபரப்பில் ஒரு வேறுபாடு யார் கண்ணிலும் படவில்லை. மெகாஅப்லோடு தன் சர்வரிலேயே கோப்புகளை வைத்து வழங்கியது. பைரேட் பேயிடம் அந்தக் கோப்புகள் இல்லை. பயனர்கள் டோரண்ட் முறையில் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொள்ள அது வழி மட்டும் காட்டியது. பொதுப் பேச்சில் இரண்டும் ஒன்றாகி, டோரண்ட் என்றாலே திருட்டு என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

பயனர்கள் தங்களுக்குள் மென்பொருளைப் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் அலைவரிசைச் சிக்கனத்தையே முதலில் சொல்வார்கள். என் வாதம் வேறு. இம்முறையின் பெரிய பயன், கொடுப்பவரையும் பொறுப்பேற்பவரையும் பிரித்துவிடுவதில் இருக்கிறது. கோலாலம்பூர் வட்டாரத்தின் கணினி வரலாறு இதற்கு நல்ல சான்று. ஆனால் தமிழ் மென்பொருள் பொதிகள் என்று வரும்போது இந்த முறை தனியே நிற்காது.

1990களில் கோலாலம்பூரில் மென்பொருள் தேடியவர் போன இடம் இம்பி பிளாசா. 1999இல் லோ யாட் பிளாசா திறந்தபின் கூட்டம் மெல்ல அங்கே நகர்ந்தது. பெட்டாலிங் தெருவிலும் கிள்ளான் வட்டாரத்துப் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தைகளிலும் திருட்டு சிடிகள் வெளிப்படையாகவே கிடைத்தன. அதையும் ஒரு விநியோக வலையாகத்தான் பார்க்க வேண்டும்: வேகமானது, மலிவானது, வீட்டு வாசல்வரை வருவது. அதன் குறை சட்டமீறல் மட்டும் அன்று. வட்டுக்குள் இருப்பது நிறுவனம் வெளியிட்டதுதானா, நடுவில் யாரேனும் வைரஸ் சேர்த்தார்களா என்று வாங்குபவர் அறிய வழியே இல்லை. கடைக்காரரின் முகத்தை நம்பித்தான் வாங்க வேண்டும். அரசாங்கம் 2000இல் ஒளிவட்டுச் சட்டம் கொண்டுவந்து, வட்டு அச்சிடும் ஆலைகளுக்கு உரிமத்தையும் வட்டில் தயாரிப்பாளர் குறியீட்டையும் கட்டாயமாக்கியது. அசல் வட்டுகளின் உறையில் ஹோலோகிராம் ஒட்டும் ஏற்பாடும் வந்தது. இவை வட்டும் உறையும் எங்கிருந்து வந்தன என்று சொல்லும். உள்ளே இருக்கும் பைட்டுகளைப் பற்றி ஒன்றும் சொல்லா.

தமிழ் மென்பொருளுக்கும் இந்தக் கைமாற்று அந்நியம் இல்லை. முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கத் தொடங்கிய முரசு என்ற தமிழ் மென்பொருள் இந்த நகரத்தில் பிறந்தது. 2001ஆம் ஆண்டுத் தமிழ் இணைய மாநாடும் இங்கேதான் கூடியது. யூனிகோட் பரவும் முன்பு, எழுதியவரிடம் இருந்த அதே குறியாக்க எழுத்துரு படிப்பவரிடமும் இருந்தால்தான் தமிழ் மின்னஞ்சல் தமிழாகத் தெரியும். ஆகவே மடலுக்கு முன்னால் எழுத்துரு போய்ச் சேர வேண்டியிருந்தது. நண்பர் நண்பருக்குக் கொடுத்த பிரதிகள் இல்லாமல் அந்தத் தலைமுறை தமிழில் தட்டச்சு செய்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இந்தக் கைமாற்றில் இல்லாத ஒன்றைத் திறந்த மூல உலகம் பிறகு சேர்த்தது. டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பான 4.0 முதல், அதன் நிறுவுகருவியான ஏப்ட் ஒவ்வொரு பொதியையும் சோதித்தே ஏற்கிறது. பொதியின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) ஒரு பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலின் ஹாஷ் வெளியீட்டுக் கோப்பில் இருக்கும். வெளியீட்டுக் கோப்பில் டெபியனின் மின்கையொப்பம் இருக்கும். இந்தச் சங்கிலியில் ஒரு பைட் மாறினாலும் ஏப்ட் அந்தப் பொதியை ஏற்க மறுக்கும். அப்படியென்றால் பொதி ஜெர்மனியிலிருந்து வந்தாலென்ன, பிரிக்ஃபீல்ட்ஸில் அடுத்த வீட்டுக்காரர் கணினியிலிருந்து வந்தாலென்ன? கொடுத்தவர் யோக்கியரா என்ற கேள்வியே எழவில்லை.

அதிகாரபூர்வ மிரரிடமிருந்து (பிரதி சர்வரிலிருந்து) எடுத்தால் இந்தக் கவலையெல்லாம் வேண்டாமே என்பவர்கள் 2008ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றைப் பார்க்க வேண்டும். ஜஸ்டின் காப்போஸும் அவருடைய சகாக்களும் கற்பனையான ஒரு நிறுவனத்தின் பெயரில் சர்வரை வாடகைக்கு எடுத்து, மிரராக இருக்க விண்ணப்பித்தார்கள். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் உள்ளிட்ட ஐந்து வெளியீடுகளும் அதை ஏற்றுக்கொண்டன. மிரர் என்பதும் முகம் தெரியாத இன்னொரு கொடுப்பவர்தான். இதைவிடக் கூர்மையான சான்று 2016 பிப்ரவரியில் கிடைத்தது. லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்கச் சுட்டியைப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று அதிகாரபூர்வத் தளத்தை நம்பி அந்தச் சுட்டியைச் சொடுக்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். டோரண்ட் வழியாக எடுத்தவர்களுக்குப் பாதிப்பில்லை என்று திட்டத்தினரே அறிவித்தார்கள். பைரேட் பே முடக்கத்தை ஆதரித்து எழுதியவர்கள் இந்த நிகழ்ச்சியைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கையொப்பம் எல்லாவற்றையும் காக்கும் என்று சொல்லவில்லை. 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் கண்டறியப்பட்ட பின்கதவு, பராமரிப்பாளராக நம்பிக்கை பெற்ற ஒருவரின் கையாலேயே மூல வெளியீட்டில் நுழைந்திருந்தது. வழங்கும் வழி எதுவானாலும் அதைத் தடுத்திருக்காது. அது பொறுப்பேற்பவரின் பக்கத்துச் சிக்கல்.

இவ்வளவு பொருத்தமான பகிர்வு முறை டெபியனில் ஏன் வேர்பிடிக்கவில்லை? முயற்சி நடக்காமல் இல்லை. கேமரூன் டேல் 2007இல் கூகுள் கோடைத் திட்டத்தின் கீழ், டெபியன் பொதிகளைப் பயனர்களிடையே பகிரும் டெப்டோரண்டில் வேலை செய்தார். அடுத்து ஏப்ட்-பி2பி வந்தது; அதைப் பற்றி ஜியாங்சுவான் லியுவுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 2009இல் வெளியானது. ஆனால் டோரண்டின் நெறிமுறையான பிட்டோரண்ட் சிறப்பாக வேலை செய்வது, பெரிய கோப்பு ஒன்றைப் பலர் ஒரே நேரத்தில் கேட்கும்போது. 2003இல் ரெட் ஹாட் லினக்ஸ் 9 வெளியான வாரம் அதற்கு உதாரணம். டெபியன் கிடங்கு இதற்கு நேர் எதிர். 2009இல் வந்த ஐந்தாம் பதிப்பிலேயே 23,000க்கு மேற்பட்ட பொதிகள், பெரும்பாலானவை சிறியவை, புதுப்பிப்பு வந்தால் பழையது பயனற்றுவிடும். பகிர்வோரைத் தேடிக் கண்டுபிடிக்கும் நேரத்துக்குள் மிரரிலிருந்து இறக்கியே முடித்துவிடலாம். ஏடிஎஸ்எல் இணைப்பில் பதிவேற்ற வேகம் பதிவிறக்க வேகத்தில் ஒரு சிறு பங்குதான். எல்லாரும் வாங்குவார்கள், கொடுக்க முடியாது. பிறகு, உள்ளடக்கத்தைப் பல இடங்களில் வைத்து வழங்கும் சிடிஎன் சேவைகள் டெபியனுக்கு இடம் தந்தபோது அவசரமும் தணிந்தது. இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. பொது வலையில் ஒரு பொதியைக் கேட்பவர், தன் ஐபி முகவரியில் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதை முன்பின் தெரியாதவர்களுக்கு அறிவிக்கிறார். பழைய ஓட்டையைத் தேடி அலைபவனுக்கு அது விலாசம்.

தமிழ்ப் பொதிகளில், பகிர்வோர் கிடைக்காத குறை இரட்டிப்பாகிறது. டெபியனின் லோகித் தமிழ் எழுத்துருப் பொதி ஒரு கைப்பேசிப் படத்தைவிடச் சிறியது. லிப்ரெஆபிசின் தமிழ் இடைமுகத்தை நிறுவுபவர்கள் இந்த வட்டாரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களில் ஒருவரின் கணினி, இன்னொருவர் கேட்கும் அதே நேரத்தில் இயங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கூட்டம் பெருகப் பெருக வலுக்கும் முறை, கூட்டம் இல்லாத இடத்தில் செத்துப்போகும். சிறுபான்மை மொழியின் மென்பொருளை ஊர்கூடித் தேர் இழுக்கும் என்று விட்டுவிட்டால், தேர் நிலையை விட்டு நகராது.

ஆனால் உலகளாவிய கூட்டத்தை விட்டுவிட்டு அருகில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு மாறுகிறது. 2006 டிசம்பரில் மலேசிய இணைய மாற்றகமான மைஐஎக்ஸ் தொடங்கப்பட்டது, உள்நாட்டுப் போக்குவரத்து வெளிநாடு சுற்றி வராமல் இருக்க. அதே மாதம் 26ஆம் தேதி தைவானுக்குத் தெற்கே ஏற்பட்ட நிலநடுக்கம் கடலடிக் கம்பிகளை அறுத்தது. மலேசியா உட்பட ஆசிய நாடுகள் பலவற்றில் இணையம் தவழ்ந்தது. அந்த நிலையில் செராஸில் இருக்கும் பிரதி கிள்ளானுக்கு வருவதற்குக் கடலடிக் கம்பி எதற்கு? ஆனால் பிட்டோரண்ட் இயல்பாகப் பக்கத்து ஊரையும் பிரேசிலையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. இணையச் சேவை நிறுவனங்கள் டோரண்டை வெறுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அண்மையில் இருப்பவரைத் தேர்ந்தெடுக்க உதவும் ஆல்டோ நெறிமுறையை, இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் 2014இல் வெளியிட்டும் அது பரவலாகவில்லை.

அருகில் இருப்பவரிடம் எடுப்பதை மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் சாதித்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10, புதுப்பிப்புகளைக் கணினிகளுக்கிடையே பகிரும் வசதியோடு வந்தது. வீட்டுப் பதிப்பில் இணையத்தில் உள்ள அந்நியர்களுக்கும் பகிர்வது இயல்பாகவே இயக்கப்பட்டிருந்ததால் எரிச்சல் கிளம்பியது. அளவு வரம்புள்ள டேட்டா வைத்திருப்பவரின் காசில் யாருக்கோ கொடுப்பதை யார் விரும்புவார்? நிறுவன, கல்விப் பதிப்புகளிலோ பகிர்வு உள்வலைக்குள் மட்டும் நின்றது. என் பார்வையில் அதுவே சரியான அளவு. ஒரு தமிழ்ப்பள்ளிக் கணினி அறையில் இருபது கணினிகள் இருந்தால், ஒன்று வெளியிலிருந்து எடுக்கட்டும், மற்றவை அதனிடம் எடுக்கட்டும். கையொப்பச் சோதனை இருக்கும்வரை பாதுகாப்பு குறையாது, யார் என்ன நிறுவினார் என்பதும் சுவரைத் தாண்டாது.

அரிய பொதிகளுக்கு எப்போதும் விழித்திருக்கும் ஒரு கணினியாவது வேண்டும். சாதாரண எச்டிடிபி சர்வரையே டோரண்டின் நிரந்தர விதையாக்கும், அதாவது எப்போதும் கொடுப்பவராக்கும், ஏற்பாடு பிட்டோரண்டில் ஏற்கெனவே உண்டு. தமிழ் எழுத்துருக்கள், விசைப்பலகைகள், மொழிப் பொதிகள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு சாதாரண வன்தட்டின் ஒரு மூலையைக்கூட நிரப்பா. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1950களிலிருந்து தமிழ் நூல்களைப் பேணிவருகிறது. அச்சு நூல்களுக்கு அடுத்து ஒரு சர்வரை அத்தகைய நிறுவனம் ஏற்றால், மைஐஎக்ஸ் வழியாகக் கிள்ளான் பள்ளத்தாக்கின் எந்தப் பள்ளியும் அதை எட்டலாம். டோரண்ட் என்ற சொல்லைக் கேட்டதும் பல்கலைக்கழகத்தின் ஃபயர்வால் நிர்வாகி முகம் சுளிப்பார். பேச்சுவார்த்தையை அவரிடமிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.