கல்லில் இருந்த சொந்தங்களும் கதைக்கு வந்த காதல்களும்

‘பொன்னியின் செல்வ’னைப் பற்றிச் சிறுபத்திரிகையில் எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். வெகுஜனப் பிரதி, படித்துவிட்டுத் தூக்கிப்போட வேண்டியது என்பது நமக்குப் பழகிப்போன வாதம். ஆனால் தூக்கிப்போட்டவர்கள் நாம் மட்டும்தான். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை ‘கல்கி’யில் வந்த தொடர், வாரப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்த பைண்டு வால்யூமாக வீடுவீடாகக் கைமாறி, கிளை நூலகத்தில் அட்டை பிய்ந்து, 2022லும் 2023லும் மணிரத்னத்தின் இரண்டு படங்களாக ஆனதுவரை, பள்ளிக்கூட வயதுக்காரர்களுக்குச் சோழர் வரலாறு என்றால் இதுதான். பதினைந்து வயதில் வந்தியத்தேவனோடு குதிரை ஏறியவர்கள் பலர் கடைசிவரை இறங்குவதில்லை.

‘மாற்று வரலாறு’ என்ற சொல்லை நாம் அடித்தட்டு மக்களின் வரலாறு என்ற பொருளில் புழங்குகிறோம். இன்னொரு வகையும் உண்டு: நடந்ததன் இடத்தில் நடந்திருக்கக்கூடியதை வைத்து எழுதுவது. கல்கி செய்தது இந்த இரண்டாவதற்குப் பக்கத்தில் வரும் வேலை. அதில் யார் யாருக்கு என்ன உறவு என்பதைக் கவனித்தால் அரசியல் பிடிபடும்.

கம்மாபுரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போய், வீராணத்தங்கரையோடு தெற்கே இறங்கினால் காட்டுமன்னார்கோயில். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் வருவதாக நாவல் தொடங்குகிற அதே ஏரிக்கரை. அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, ஏறத்தாழ கி.பி. 987. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்தைப் பறிமுதல் செய்வதுபற்றி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வந்த ஆணையைப் பேசுவது. சோமன், அவன் தம்பி ரவிதாசனாகிய பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனாகிய இருமுடிச்சோழப் பிரமாதிராசன், மலையனூரான் என்று பெயர்கள் வருகின்றன. பிரமாதிராசன் என்பது அரசன் பிராமண அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம். இவர்கள் காட்டில் திரிந்தவர்கள் அல்லர். நிலமும் மனையும் பதவியும் உள்ள பெரிய இடத்து ஆட்கள்.

அந்தக் கல்வெட்டில் என்னை நிறுத்திவைப்பது கொலையைவிட அதன் சொந்தக்காரப் பட்டியல். தம்பிமார், அவர்கள் பிள்ளைகள், மனைவிமார், பெரியப்பன்மார், பெண் கொடுத்த மாமனார்கள், தாயோடு பிறந்த மாமன்மார், கூடப்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், மகள்களைக் கட்டியவர்கள் என்று போகிறது. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற மாதிரி அரசு ஒரு குடும்பத்தை அச்சடித்திருக்கிறது, எல்லாருடைய நிலத்தையும் எடுத்துக்கொள்ள. ரேவதாச கிரமவித்தன் பேரோடு சேர்த்து, தாய் என்ற உறவு சொல்லி, பெரிய நங்கைச்சாணி என்றொரு பெண்ணும் வருகிறாள். கொலை நடந்து பதினைந்து ஆண்டுக்கு மேலாகிறது. அவள் என்ன செய்தாள்? கல் பேசாது. ஆனால் தண்டனை அவளைத் தொட்டது.

கல்கி இந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டார், சொந்தங்களை விட்டுவிட்டார். நாவலில் ரவிதாசன் மந்திரவாதி, பள்ளிப்படைக் காட்டில் நள்ளிரவில் கூடுகிறவன், பாண்டியனின் ஆபத்துதவி. அவனுக்கு வீடு இல்லை, மாமனார் இல்லை, சபையில் இடம் இல்லை. ‘பஞ்சவன்’ என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர், ஆகவே பாண்டியச் சதி என்ற ஊகத்துக்கு இடமிருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் கூடப்பிறந்த தம்பியின் பட்டத்தில் சோழன் பெயரல்லவா இருக்கிறது! அண்ணன் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தம்பி பட்டத்தை விட்டுவிடுவது வசதியான வாசிப்பு. அதே நாவலில் பிராமணர் அரசியலில் இருப்பதைக் காட்ட அன்பில் அநிருத்தப் பிரமராயரும் அவருடைய ஒற்றன் ஆழ்வார்க்கடியானும் வருகிறார்கள். முன்னவர் அன்பில் செப்பேட்டில் உள்ள மெய்யான ஆள், பின்னவன் முழுக்கக் கற்பனை. இருவரும் ராஜ்யத்தைக் காப்பவர்கள். காப்பவனுக்குச் சாதி அடையாளம் பளிச்சென்று இருக்கிறது. கொல்பவனுக்கு அது மந்திரவாதப் புகையில் மறைந்துபோகிறது.

காலியான அந்த இடத்தில்தான் நந்தினி வருகிறாள். அவள் கல்கியின் படைப்பு, சும்மா சொல்லக்கூடாது, தமிழ்த் தொடர்கதையில் இவ்வளவு உயிருள்ள பெண் குறைவு. கரிகாலனின் இளம்பிராயத்துத் தோழி, வீரபாண்டியன் தலை வெட்டப்பட்டதைக் கண்ணால் பார்த்தவள், பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி. கடம்பூர் மாளிகையில் கரிகாலன் சாகும்போது யார் கை என்பதைக் கல்கி மங்கலாகவே விட்டுவிடுகிறார். உத்தம சோழன்மீது நீலகண்ட சாஸ்திரிக்குச் சந்தேகம் இருந்தது. சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் அடித்துக்கொண்ட இடத்தில் நாவலாசிரியன் மங்கலாக விட்டது தப்பில்லை. ஆனால் பங்காளிப் பகையாகவோ அதிகாரிகளின் சதியாகவோ இருந்திருக்கக்கூடியது, ஒரு பெண்ணின் பழிவாங்கலாகப் பதின்வயது வாசகன் மனசில் பதிந்துவிட்டதே, அதைக் கேட்க வேண்டாமா?

இன்னொன்று, குழந்தை மாற்றம். உத்தம சோழன் தன் வயிற்றில் பிறந்தவன் என்பதைச் செம்பியன் மாதேவியின் கல்வெட்டுகள் அழுத்திச் சொல்லும். எங்கள் பக்கத்து விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலும் அந்த அம்மையின் திருப்பணி பெற்றதுதான். நாவலில் அவர் மகனாக வளர்ந்த மதுராந்தகன் மெய்யான மகன் இல்லை என்றாகிறது. வாணி என்ற ஊமைப்பெண் வளர்த்த, கோயிலுக்குப் பூ எடுக்கிற சேந்தன் அமுதன்தான் உத்தம சோழன். ஒரு பூக்காரப் பையன் அரியணை ஏறுகிறான், படகோட்டிப் பெண் பூங்குழலி ராணியாகிறாள். படிக்கிற வயதில் யாருக்கும் நெஞ்சு விம்மும். ஆனால் கவனியுங்கள், அமுதன் ஏறுவது பூக்காரன் என்பதால் அல்ல, கண்டராதித்தன் ரத்தம் என்பதால். அரண்மனையில் வளர்ந்தும் மதுராந்தகன் இறங்குவது வேறு ரத்தம் என்பதால். இவ்வளவு பெரிய புனைவுச் சுதந்திரத்தை எடுத்துக்கொண்ட கை, பிறப்பு என்ற ஒன்றை மட்டும் தொடவில்லை. பூங்குழலிக்குக்கூட ராஜ்யம் தாலி வழியாகத்தான்.

பறிமுதலான நிலம் என்ன ஆயிற்று என்பதையும் உடையார்குடிக் கல் சொல்கிறது. பல்லவரையன் பட்டம் கொண்ட ஒருவன் அதை விலைக்கு வாங்கி, கோயிலில் பிராமணர் உண்பதற்கு அறக்கட்டளை வைத்தான்.