நிழற்படத்தின் உரிமை யாருக்கு? – மேக்னம் முகவகம் தரும் படிப்பினை

ஒரு நிழற்படத்தைக் காணும்போது அதனை எடுத்தவர் யார் என்று வினவுகிறோம். அது யாருக்கு உரியது என்று வினவுவது அரிது. ஆயினும், 20ஆம் நூற்றாண்டின் நிழற்படக் கலைஞர்களின் வாழ்வையும் வருவாயையும் தீர்மானித்தது இவ்விரண்டாம் வினாவேயாகும். அதற்குக் கலைஞர்களே தேடிய விடைகளுள் ஒன்றாகிய மேக்னம் முகவகத்தின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

1936இல் அமெரிக்காவில் ‘லைஃப்’ இதழும், 1938இல் இங்கிலாந்தில் ‘பிக்சர் போஸ்ட்’ இதழும் தோன்றின. இத்தகைய படவிதழ்கள் கலைஞர்களுக்குப் பணியளித்தன. ஆனால், இதழ் ஒப்படைத்த பணியில் எடுக்கப்பட்ட படங்களின் உரிமை பொதுவாக இதழையே சேர்ந்தது. போர்முனையில் உயிரைப் பணயம் வைத்தவருக்கு ஒருமுறை ஊதியம் கிட்டியது. மறுபதிப்பின் பயனோ பிறரைச் சென்றடைந்தது.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் ராபர்ட் காப்பா. 1947இல் நியூயார்க்கில் மேக்னம் கூட்டுறவு முகவகம் உருவாயிற்று. ஆன்றி கார்த்தியே-பிரெசோன், ஜார்ஜ் ராட்ஜர், டேவிட் சீமோர் ஆகிய மூவரும் நிறுவனர்களாயினும் தொடக்கக் கூட்டத்தில் நேரில் இருந்தாரல்லர். கலைஞர்களின் பெயர்களே இன்று நினைவில் நிற்கின்றன. எனினும், ரீட்டா வாண்டிவெர்ட் முதல் தலைவராகவும், மரியா ஐஸ்னர் பாரிஸ் அலுவலகப் பொறுப்பாளராகவும் ஆற்றிய பணி மறக்கத்தக்கதன்று. படங்களை விற்று, கணக்கினைப் பேணும் கரங்கள் இன்றி முகவகம் இயங்காது.

பதிப்புரிமை படம் எடுத்தவரிடமே இருக்கும் என்பதே மேக்னத்தின் அடிப்படைக் கொள்கை. இதனால் ஒரே படத்தொகுப்பைப் பல நாட்டு இதழ்களுக்கு விற்க இயன்றது. முகவகம் தன் பங்கினைக் கழித்துக்கொண்டு எஞ்சியதைக் கலைஞருக்கு அளித்தது. உறுப்பினர்கள் உலகையும் பகிர்ந்துகொண்டனர். இந்தியாவும் தூரக் கிழக்கும் கார்த்தியே-பிரெசோனுக்கு அமைந்தன. 1948 ஜனவரி 30 அன்று, கொலையுறுவதற்குச் சற்று முன்னர், காந்தியடிகளை அவர் சந்தித்தார். 1950 ஏப்ரல் 14 அன்று ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவரும் அவரே.

இவ்வுரிமைக்கான விலை சிறிதன்று. 1954 மே மாதத்தில் ஒன்பது நாள் இடைவெளியில் வெர்னர் பிஷாஃப் பெரு நாட்டு மலைப்பகுதியிலும், காப்பா இந்தோசீனாவிலும் இறந்தனர். 1956இல் சீமோர் சூயஸ் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார்.

1972இல் ‘லைஃப்’ வார இதழாக வெளிவருவது நின்றது. படவிதழ்கள் நலிந்த காலத்தில் விளம்பரங்களும் நிறுவன ஆண்டறிக்கைகளும் முகவகத்தின் வருவாய்க்குத் துணைநின்றன. வணிகப் பணி கலையின் தூய்மையைக் கெடுக்கும் எனச் சிலரும், அதுவே கலையைக் காக்கும் எனச் சிலரும் வாதிட்டனர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்றே நாம் கருதுகிறோம். விளம்பரப் பணியின் ஊதியமே பல வேளைகளில் ஊதியமற்ற நெடும்பயணங்களுக்கு வழிவகுத்தது.

2010இல் மேக்னத்தின் நியூயார்க் அலுவலகத்திலிருந்த ஏறத்தாழ 1,85,000 அச்சுப்படிகள் விற்கப்பட்டன. 2013இல் அவை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையத்திற்கு நன்கொடையாக வழங்கப்பட்டன. தாள்கள் கைமாறின, பதிப்புரிமையோ கலைஞர்களிடமே நின்றது. 1947இல் வகுத்த கொள்கையின் பயனை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை எனலாம்.

எனினும், ஒரு வினா எஞ்சுகிறது. படம் எடுத்தவரின் உரிமை நிலைநாட்டப்பட்டது. படத்தில் நிற்பவரின் உரிமை யாது? 1951இல் பீகார்ப் பஞ்சத்தை பிஷாஃப் எடுத்த படங்களில் பசித்து நிற்போரின் முகங்களை நாம் அறிவோம். அவர்தம் பெயர்களை அறியோம். அடுத்த தலைமுறை ஆய்வு இங்கிருந்தே தொடங்குதல் வேண்டும்.