ஓர் ஏரி, ஐந்து கணக்கு

உத்தரமேரூர்க் கல்வெட்டு என்றதும் எல்லோருக்கும் பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலைதான் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைவிட எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏரி வாரியம் ஒன்று, தோட்ட வாரியம் ஒன்று, பொன் வாரியம் ஒன்று. ஆக, அன்றே துறை பிரித்துத்தான் வேலை பார்த்திருக்கிறார்கள். ஆனால் எல்லா வாரியமும் ஒரே சபைக்குக் கட்டுப்பட்டவை. வாரியத்தில் இருந்தும் கணக்குக் காட்டாதவரின் பெயர் மறுபடி குடத்துக்குள் போகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் போகாது. அந்தச் சபையில் நிலமுள்ள பிராமண ஆண்களுக்கே இடம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பொற்காலப் பேச்சு நமக்கு வேண்டாம்.

இன்று தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று ஏறத்தாழ 39,000 இருக்கின்றன. பொதுவாக ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை. குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். இது தண்ணீருக்கு மட்டும். ஏரி கிடக்கும் நிலம் புறம்போக்கு, அதன் பதிவேடு வருவாய்த் துறையிடம். உள்வாயில் நிற்கும் கருவேல மரங்கள் பல ஊர்களில் வனத் துறை நட்டவை. 1981இல் சுவீடன் உதவியோடு தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் வந்தவை. மீன்பாசிக் குத்தகை இன்னொரு கணக்கு. அடியில் படிந்த வண்டலோ, 1959ஆம் ஆண்டுச் சிறு கனிமச் சலுகை விதிகளுக்குள் வருகிறது. வயலுக்கு உரமாகும் சேறு சட்டத்தின் கண்ணுக்குக் கனிமம்!

தண்ணீர் வற்றிவரும் மாசி, பங்குனியில் ஓர் ஏரியின் உள்வாயில் இறங்கி நடந்து பார்த்தால் இந்தப் பிரிவினை காலில் இடறும். வண்டல் எடுக்க வந்த விவசாயி பட்டா நகலோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருப்பார். எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்பதைப் பொறியாளர் சொல்ல வேண்டும். நல்ல வண்டல் கிடக்கும் இடத்திலோ பெயின்டில் எண் போட்ட மரங்கள் நிற்கும். ஏலம் முடியாமல் அவற்றைத் தொட முடியாது. மடைக்கருகில் குத்தகைதாரர் மீன் பிடிக்கச் சீக்கிரம் தண்ணீர் வடிய வேண்டும் என்பார். கடைமடைக்காரர் இன்னும் ஒரு தண்ணீர் பயிருக்கு வேண்டும் என்பார். இருவரும் முறையிட வேண்டிய அலுவலகங்கள் வேறு வேறு. இதற்கிடையில் யாரும் நடாத சீமைக்கருவேலம் எவர் அனுமதியும் கேட்காமல் வரத்துக்காலை அடைத்துக்கொண்டு வளரும்.

இந்தச் சிக்கல் ஒரே நாளில் வந்ததல்ல. 1858இல் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம், ஊரார் சேர்ந்து ஏரியையும் வாய்க்காலையும் பராமரிக்கும் குடிமராமத்தை ஊர்ப் பொறுப்பிலிருந்து மாற்றி, மறுத்தால் அபராதம் என்ற கடமையாக்கியது. 1882இல் வனச் சட்டம் வந்தது. தண்ணீரும் மரமும் தனித்தனி அதிகாரிகளின் கோப்புகளுக்குள் போயின. பழைய முறையை மீட்பதாகச் சொல்லி 2017இல் குடிமராமத்துத் திட்டம் வந்தபோது கரை உயர்ந்தது, மதகு புதிதானது. ஆனால் ஊர்க்காரனுக்கு அதில் மண் வெட்டும் பங்கு கிடைத்த அளவுக்கு முடிவெடுக்கும் பங்கு கிடைத்ததாக நான் கருதவில்லை. 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் ஆக்கிரமிப்பைத்தான் பார்க்கிறது. ஏரியை முழுதாகப் பார்க்கவில்லை.

துறைகளை ஒன்றாக்கிவிட்டால் தீரும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மரம் தெரிந்தவருக்கு மதகு தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. குறை பிரிவில் இல்லை, பிரிந்தவர்கள் கணக்குச் சொல்ல ஒரு பொதுச் சபை இல்லாததில் இருக்கிறது. ஏரிக்கு ஒரு பதிவேடு போதும்: இந்த ஆண்டு எவ்வளவு தண்ணீர் வந்தது, எவ்வளவு வண்டல் போனது, எத்தனை மரம் என்ன விலைக்கு ஏலம் போனது, மீன்பாசிப் பணம் எங்கே சேர்ந்தது, எந்தச் சர்வே எண்ணில் ஆக்கிரமிப்பு.

சபையும் புதிதாகத் தேட வேண்டாம். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22இல் கிராம சபை கூட்ட வேண்டும் என்று அரசே 2022இல் அறிவித்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் உங்கள் ஊர் ஏரியின் இந்த ஐந்து கணக்கையும் வாசிக்கச் சொல்லி ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்.