பண்புசார் ஆய்வறிக்கை எழுதுதல்

பண்புசார் ஆய்வறிக்கை எழுதுதல் என்பது நேர்காணல், பங்கேற்று உற்றுநோக்கல், களக்குறிப்பு முதலியவற்றின் மூலம் திரட்டிய தரவுகளை விவரித்து, பகுத்து, பொருள் விளக்கி எழுத்தில் தருவதாகும். சமூகவியல், மானிடவியல், கல்வியியல், செவிலியியல் முதலிய துறைகளில் புதிய ஆய்வாளர்கள் பலர் இடர்ப்படும் கட்டம் இதுவாகும். அளவுசார் ஆய்வின் முடிவுகளை அட்டவணைகளில் சுருக்கித் தரலாம். பண்புசார் ஆய்விலோ சான்றும் வாதமும் பெரும்பாலும் உரைநடை வழியாகவே வாசகரை அடைகின்றன. எனவே எழுதுதலும் ஆய்வின் ஒரு பகுதியாகக் கருதப்படுகிறது.

எழுதத் தொடங்குதல்

தரவுகளைப் பகுத்து முடித்த பின்னரே எழுத வேண்டும் என்னும் எண்ணம் புதியவர்களிடம் காணப்படுகிறது. இதற்கு மாறாக, களப்பணிக்கு முன்பே ஒரு வரைவை எழுதத் தொடங்கலாம் என்று அமெரிக்க மானிடவியலாளர் ஹாரி வோல்காட் 1990 இல் வெளியிட்ட நூலில் அறிவுறுத்தினார். இதனால் ஆய்வாளர் தமது முன்முடிவுகளையும், தாம் இன்னும் அறியாதவற்றையும் கண்டுகொள்ள முடிகிறது.

சமூகவியலாளர் ஹாவர்ட் பெக்கர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சி அளித்தவர். முதல் வரைவே சரியாக அமைய வேண்டும் என்ற எண்ணமும், பிறர் நகைப்பர் என்ற அச்சமும் மாணவர்களைத் தடுப்பதாக அவர் 1986 இல் எழுதினார். பலமுறை திருத்தி எழுதுவதே அவர் காட்டிய வழி.

விவரிப்பும் விளக்கமும்

மெய்யியலாளர் கில்பர்ட் ரைலிடமிருந்து பெற்ற "செறிவான விவரிப்பு" என்னும் கருத்தைக் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1973 இல் மானிடவியலில் விரித்துரைத்தார். இமை தானாகத் துடிப்பதும், ஒருவர் குறிப்புணர்த்தக் கண் சிமிட்டுவதும் தோற்றத்தில் ஒன்றே. அவற்றின் பொருள் வேறுபாட்டைச் சூழலோடு காட்டுவது செறிவான விவரிப்பாகும்.

புதியவர்களின் வரைவுகளில் பொதுவாக இரு குறைகள் காணப்படுகின்றன:

1. நேர்காணல் மேற்கோள்களை விளக்கமின்றி அடுக்குதல்.
2. ஓரிருவர் கூற்றை அனைவரின் கருத்தாகப் பொதுமைப்படுத்துதல்.

மேற்கோள் யாரால், எவ்வினாவுக்கு விடையாகக் கூறப்பட்டது என்பதைக் குறிப்பிடுவதும், தமது முடிவுக்கு மாறான தரவுகளையும் தருவதும் இக்குறைகளைக் குறைக்கும். நேர்காணல், குழு உரையாடல் ஆகியவற்றைக் கொண்ட ஆய்வுகளுக்கென 32 கூறுகள் கொண்ட கோரெக் சரிபார்ப்புப் பட்டியல் 2007 இல் வெளியிடப்பட்டது.

அடையாளம் காத்தல்

பங்கேற்பாளரின் பெயரை மாற்றுவது மட்டும் போதாது. சிறிய ஊரிலோ நிறுவனத்திலோ வயது, பதவி போன்ற விவரங்களே ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடலாம். அவரது வேலைக்கும் உறவுகளுக்கும் இதனால் தீங்கு நேரக்கூடும்.

எடுத்துக்காட்டு

இந்திய சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ் 1948 இல் மைசூர் அருகேயுள்ள சிற்றூர் ஒன்றில் களப்பணி செய்தார். 1970 ஏப்ரல் 24 அன்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அவர் பணியாற்றிய ஆய்வு மையத்திற்குத் தீ வைக்கப்பட்டதில், அவர் பல ஆண்டுகள் செப்பனிட்ட குறிப்புகளின் படிகள் அழிந்தன. பின்னர் பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதி, 1976 இல் "நினைவில் நிற்கும் கிராமம்" என்று பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். அதில் ஊருக்கு இராம்புரா என்று புனைபெயர் இட்டுள்ளார். குறிப்புகள் அழிந்த விதத்தையும் நூலின் முகவுரையிலேயே வாசகருக்குத் தெரிவித்துள்ளார்.

இவற்றையும் பார்க்க

இனவரைவியல்
களப்பணி
ஆய்வு நெறிமுறைகள்