ஈயின் பெயர் என்ன?

எங்கட ஊரில் தூண்டில் போடுவதென்றால் ஒரு தங்கூசி, ஒரு முள்ளு, குத்துவதற்கு மண்புழுவோ இறாலோ. மீன் பசியில் கவ்வும், அவ்வளவுதான். இரையே இல்லாமல் மீன் பிடிக்கிற கலையொன்று இருக்கிறது என்பது இந்த நாட்டுக்கு வந்து கனகாலத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முள்ளில் இறகையும் நூலையும் மயிரையும் சுற்றி ஒரு ஈயைப்போலச் செய்து ஆற்றில் மிதக்க விடுகிறார்கள். ட்றவுட் மீன் அதை உண்மையான ஈ என்று நம்பி மேலே எழும்பிக் கவ்வும். 'பிளை பிஷிங்' என்பார்கள். நான் இங்கே 'தூண்டில் ஈ' என்றே எழுதுகிறேன்.

இதில் உனக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். நான் இருக்கிற ஸ்கொட்லாந்து ஊரில் பழைய மீன்பிடிக் கழகம் ஒன்று உண்டு. அதன் முன்னாள் செயலாளர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர், எண்பது தாண்டிய கிழவர். ஒருநாள் ஒரு பெட்டி நிறையக் கொப்பிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எந்த ஈயை எந்த இறகால், எந்த நூலால் கட்டுவது என்று மூன்று தலைமுறை எழுதிவைத்த குறிப்புகள். "நீர் கொம்பியூட்டர் வேலை செய்கிறவர்தானே, இதைத் தேடிப் பார்க்கிற மாதிரி இணையத்தில் ஏத்தித் தருவீரோ?" என்றார். இரண்டு கிழமை வேலை என்று நினைத்து ஓம் என்றேன். இரண்டு வருடம் போயிற்று :-)

வேலை ஏன் இழுபட்டது என்பதை விளங்கிக்கொள்ளத்தான் இதன் சரித்திரத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

எழுத்தில் கிடைக்கிற முதல் குறிப்பு ஏறக்குறைய கி.பி. 200ஆம் ஆண்டளவில் ஈலியன் என்ற ரோம எழுத்தாளர் எழுதியது. மசிடோனியாவில் ஓர் ஆற்றில் புள்ளிபோட்ட மீன்களைப் பிடிக்க, முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே முளைக்கிற மெழுகு நிற இறகுகள் இரண்டைக் கட்டுவார்கள் என்று சொல்கிறார். ஒரே ஒரு ஈ. அதைத் தேட அட்டவணை தேவையில்லை.

1496இல் இங்கிலாந்தில் விங்கின் டி வேர்ட் என்ற அச்சகக்காரர், தூண்டில் போடுவது பற்றிய ஒரு கட்டுரையை வேட்டை நூல் ஒன்றோடு சேர்த்து அச்சிட்டார். ஜூலியானா பேர்னர்ஸ் என்ற கன்னியாஸ்திரி எழுதியது என்பது மரபு. உறுதியான ஆதாரம் கிடையாது. அதில் 12 ஈக்கள், மாதவாரியாக. மார்ச் மாதத்துக்கு இது, மே மாதத்துக்கு அது என்று. அதாவது மாதம் தெரிந்தால் ஈ கிடைக்கும். 1676இல் சார்ள்ஸ் கொற்றன், ஐசக் வோல்ற்றனின் புகழ்பெற்ற நூலுக்கு இரண்டாம் பாகம் எழுதியபோது எண்ணிக்கை 60ஐத் தாண்டிவிட்டது. அவரும் மாதக் கணக்குத்தான்.

1836இல் அல்பிரட் றொனால்ட்ஸ் வேறு வழி பிடித்தார். ஆற்றங்கரையில் குடிசை கட்டி மீனையும் பூச்சியையும் கவனித்தவர் அவர். உண்மையான பூச்சியின் படத்தையும் அதைப் பார்த்துக் கட்டிய ஈயின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, விஞ்ஞான வகைப்பாட்டோடு புத்தகம் போட்டார். அவரிடம் பூச்சி தெரிந்தால் ஈ கிடைக்கும்.

அமெரிக்காவில் பிரச்சினை வியாபாரத்தில் வந்தது. வெர்மொன்ற் மாநிலத்து மான்செஸ்ரரில் ஓர்விஸ் குடும்பம் ஈ கட்டி விற்றது. ஒருவர் ஒரு பெயரைச் சொல்லிக் கேட்பார். அதே பெயரில் வேறு ஊர்க்காரருக்கு வேறு ஈ. வீட்டு மகள் மேரி ஓர்விஸ் மார்பரிதான் ஈ கட்டும் பகுதியை நடத்தியவர். நாடெங்கும் உள்ள தூண்டில்காரர்களின் கடிதங்களைச் சேர்த்து, வர்ணப் படங்களோடு 1892இல் பெரிய நூலொன்று வெளியிட்டார். அதில் பெயர் தெரிந்தால் ஈ கிடைக்கும். மூன்று வருடம் கழித்து, 1895இல், ஜோர்ஜ் கெல்சன் இங்கிலாந்தில் சல்மன் ஈக்களுக்கு நூல் எழுதினார். அவர் வால், உடல், தொண்டை, சிறகு, கன்னம் என்று ஈயைப் பாகம் பாகமாகப் பிரித்துக் காட்டினார்.

இப்போது பாருங்கள். ஒருவர் மாதத்தால், ஒருவர் பூச்சியால், ஒருவர் பெயரால், ஒருவர் பாகத்தால். அச்சுப் புத்தகத்தை ஒரு ஒழுங்கில்தானே அடுக்கலாம்? மற்றக் கேள்வியோடு வருகிறவன் முழுப் புத்தகத்தையும் புரட்டவேண்டும். கணினித் தரவுத்தளம் இந்தச் சிக்கலைத்தான் தீர்க்கிறது. ஈக்கு ஒரு அட்டவணை, பொருட்களுக்கு இன்னொன்று, எந்தப் பொருள் எந்த ஈயில் எந்தப் பாகத்தில் வருகிறது என்று இரண்டையும் இணைக்க மூன்றாவது. "மயிலிறகு உடல், வெள்ளைச் சிறகு" என்று கேட்டால் ஒரு கணத்தில் பதில்.

நான் முதலில் இதைச் செய்யவில்லை. செய்முறை முழுவதையும் ஒரே கட்டத்துக்குள் அப்படியே தட்டச்சு செய்துவிட்டேன். கொப்பியில் ஓரிடத்தில் இறகின் முழுப்பெயர், இன்னோரிடத்தில் இரண்டெழுத்துச் சுருக்கம். தேடினால் பாதிதான் வந்தது. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி ஏற்றினேன்.

அதற்குப் பிறகு செய்த பிழைதான் பெரியது. ஒரே பெயரில் இரண்டு மூன்று பதிவுகள் இருந்ததைக் கண்டு, "இரட்டைப் பதிவு" என்று ஒன்றை மட்டும் வைத்து மற்றவற்றை அழித்துவிட்டேன். பட்டியல் வடிவாக, சுத்தமாக இருந்தது. கிழவர் வந்து பார்த்தார். வழமையாகக் கதைத்துக்கொண்டே இருக்கிற மனிசன் பேசாமல் இருந்தார். பிறகு, "அது என்ர அப்பா கட்டினது. இஞ்ச தண்ணி கறுப்பு, அதால வாலை மாத்தினவர்" என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏனென்றால் இதே வேலையை எனக்கே ஒருவர் செய்திருக்கிறார். இங்கே வந்த புதிதில் என் பெயர் ஒரு கடிதத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், இன்னொன்றில் வேறு எழுத்துக்கூட்டல், மூன்றாவதில் அப்பாவின் பெயர் முன்னுக்கும் என் பெயர் பின்னுக்குமாக இருந்தது. ஒரு அலுவலகத்தில் யாரோ இவை ஒரே ஆளின் இரட்டைப் பதிவுகள் என்று ஒன்றை அழித்தார்கள். அழித்தது சரியான பதிவை. மூன்று மாதம் நான் அந்தக் கணினியில் இல்லாத ஆள். அவர்களைத் திட்டித் தீர்த்தவன், நானே அதைச் செய்துவிட்டு நிற்கிறேன்.

மாறுபாடு என்பது பிழையல்ல, அதுதான் சரித்திரம். ஒரு உதாரணம்: 'கோச்மன்' என்ற ஆங்கில ஈக்கு மயிலிறகு உடலும் வெள்ளைச் சிறகும். 1878இல் நியூயோர்க்கில் ஜோன் ஹெய்லி என்பவர், மயிலிறகு சீக்கிரம் பிய்யாமல் இருக்க நடுவில் சிவப்புப் பட்டு சுற்றினார், வாலும் வைத்தார். அது 'றோயல் கோச்மன்' ஆனது. பிறகு 1930களில் லீ வுல்வ் என்பவரின் மயிர்ச் சிறகு வகையோடு சேர்ந்து 'றோயல் வுல்வ்' ஆனது. தாத்தா, மகன், பேரன். மூன்றையும் ஒன்றாக்கினால் வம்சமே போய்விடும்.

அழித்தவற்றைக் கொப்பி பார்த்துத் திரும்ப ஏற்றினேன். இரண்டு நிரல்கள் புதிதாகச் சேர்த்தேன்: 'எதிலிருந்து வந்தது', 'யார் சொன்னது'. பெயர்களுக்குத் தனி அட்டவணை. ஒரு ஈக்கு எத்தனை பெயரும் இருக்கலாம், ஒரு பெயரில் எத்தனை ஈயும் இருக்கலாம்.

இந்தப் பதிவுகளுக்குள் நம்மவர் ஒருவரையும் சந்தித்தேன். 'ஜொக் ஸ்கொட்' முதலான எத்தனையோ சல்மன் ஈக்களின் பக்கவாட்டில் மெழுகுத்துளி போன்ற பொட்டுள்ள இறகு ஒன்று வருகிறது. 'ஜங்கிள் கொக்', காட்டுச் சேவல்! எங்கட வன்னிக் காட்டுச் சேவல்தான் என்று கிழவரிடம் பெருமையடித்துவிட்டேன். தேடிப் பார்த்தால் இல்லை. இலங்கைச் சேவலின் கழுத்தில் அந்தப் பொட்டு கிடையாது. இது தென்னிந்தியாவின், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் சாம்பல் காட்டுச் சேவல். இந்தியா 1902இலேயே இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. பிரித்தானியா 1921இல் இறகு இறக்குமதியைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. இன்று ஈ கட்டுகிறவர்கள் பண்ணையில் வளர்த்த சேவலின் இறகை வாங்குகிறார்கள்.

ஆனாலும் பழைய செய்முறையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றும் ஆசை சிலருக்குப் போகவில்லை. 2009 ஜூனில் இங்கிலாந்தின் றிங் ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு இளம் இசை மாணவர் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடினார், ஈ கட்டுகிறவர்களுக்கு விற்க. பிடிபட்டார்; பாதிக்கு மேல் திரும்பக் கிடைத்தது. ஆனால் பலவற்றின் காலில் கட்டியிருந்த சீட்டு போய்விட்டது. எங்கே, எப்போது, யார் பிடித்தது என்ற அந்தச் சீட்டு இல்லாவிட்டால் விஞ்ஞானத்துக்கு அது வெறும் இறகு. நான் அழித்ததும் அப்படியொரு சீட்டைத்தான்.

போன மாசம் கிழவர் வந்து கணினி முன்னால் இருந்து, 'யார் சொன்னது' கட்டத்தில் ஒரு விரலால் தன் தகப்பனின் பெயரைத் தட்டினார். பதினேழு ஈக்கள் வந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில் நூலின் நிறம் பிழை என்றார். திருத்தினேன், கொப்பியில் இருந்ததையும் பக்கத்தில் விட்டுவைத்தேன்.

உங்கள் வீட்டிலும் அப்புவின் கணக்குக் கொப்பியோ, அம்மம்மாவின் கைமருந்துக் குறிப்போ இருக்கலாம். கணினியில் ஏற்றுங்கள். ஏற்றும்போது ஒரு சொல்லையும் திருத்தாதீர்கள், ஒரே மாதிரி இருக்கிறது என்று எதையும் அழிக்காதீர்கள். யார் சொன்னது என்று மட்டும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.